பதினான்காம் பக்கத்துப் பாம்பு

ரேணுகாதேவி பிறந்தது கணியம்பாடி. விலங்கியல் படித்தவர், கல்யாணமாகிப் போளூர் வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி கடை வைத்தார். கல்யாணப் பத்திரிகை வேலை போக மிச்ச நேரத்தில் ஜவ்வாது மலையின் பறவைகள், பட்டாம்பூச்சிகள், மரங்கள் பற்றிச் சின்னப் புத்தகங்கள் போட்டார். மலைப் பிள்ளைகள் தங்கள் கொல்லையில் பறப்பதன் பெயரைத் தமிழில் படிக்கட்டும் என்ற ஆசைதான். நாலாவது புத்தகம் பாம்புகள். பத்துப் பள்ளிகளுக்கு இருபது இருபதாக அனுப்பி மூன்று நாள் ஆகியிருந்தது.

காலை பத்து மணிக்குத் தசரதன் போன் செய்தார். மலையில் சாமை விதைக்கிறவர், ஊருக்குள் பாம்பு வந்தால் பிடித்துப் போய்க் காட்டில் விடுகிறவர். புத்தகத்துக்கு அடையாளங்கள் சொன்னவரும் அவர்தான்.

"பதினாலாம் பக்கத்தப் பாத்தியாம்மா?"

பார்த்தார். கட்டுவிரியன் படத்துக்குக் கீழே, 'வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லை. அடிக்க வேண்டாம்' என்று இருந்தது. எதிர்ப்பக்கத்தில் பாவம் அந்த வரையன், கட்டுவிரியன் பெயரோடு. இரண்டும் வெள்ளைக் கட்டுப் போட்ட பாம்புகள். அச்சுக்குப் போகும் முன் படங்களின் அளவை மாற்றும்போது இடம் மாற்றிவிட்டது ரேணுகாதேவி. கடைசியாகச் சரிபார்த்ததும் அவரே.

ஒவ்வொரு பள்ளியாகக் கூப்பிட்டார். ஒன்பது பள்ளிகளில் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார்கள். பத்தாவது பள்ளிக்கு டவர் இல்லை. தசரதனை அங்கே வரச்சொல்லிவிட்டு, கடையைச் சாத்தி மலை பஸ் ஏறினார். வளைவுக்கு வளைவு பஸ் ஊர்ந்தது. இறங்கி ஒரு ஜீப் பிடித்துப் பள்ளியை அடைய மதியம் ஒன்றரை மணி ஆகிவிட்டது.

ஆசிரியர் இளவழகன் விஷயத்தைக் கேட்டதும் வெளிறிப்போனார். "வூட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்கச் சொல்லி குடுத்துட்டேங்க."

எண்ணிப் பார்த்தார்கள். பத்தொன்பது பிள்ளைகளின் பையிலும் புத்தகம் இருந்தது. நதியா மட்டும் வரவில்லை.

"அவங்க வூட்ல பாம்பு பூந்துக்குது சார்," என்றது ஒரு பிள்ளை.

வீடு எது என்று கேட்டுக்கொண்டு ரேணுகாதேவி ஓடினார். செருப்பு அறுந்தது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்.

வீட்டுக்குள் நதியாவின் அம்மா செல்லி குனிந்திருந்தாள். சாமை மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் கறுப்பாக ஒன்று சுருண்டு, அசையாமல் கிடந்தது. செல்லியின் ஒரு கையில் பானை. மறு கை பாம்புக்கு ஒரு முழத்தில். வாசலில் நதியா புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

"கைய எடும்மா! அது கட்டுவிரியன்!"

செல்லி திரும்பினாள். "இன்னாங்க சொல்றீங்க? புக்குல விஷமில்லன்னு போட்டுக்குது. கொல்லாதம்மான்னு பொண்ணு ஒரே அழுக. அதான் பானையில தள்ளி வெளிய வுடலாம்னு."

"புக்கு தப்பு. நான்தான் தப்பாப் போட்டேன். மெதுவாப் பின்னால வா."

பகலில் கட்டுவிரியன் மந்தமாகக் கிடக்கும். தொந்தரவு செய்தால்தான் கடிக்கும். ரேணுகாதேவிக்கு அது தெரியும், இருந்தும் பாம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செல்லி ஓரடி வைத்தாள். மூட்டை லேசாகச் சரிந்தது. பாம்பின் தலை எழுந்தது. செல்லி சிலையாக நின்றாள். தலை மறுபடி சுருளுக்குள் போனதும் இன்னும் இரண்டடி. கதவைத் தாண்டியதும் ரேணுகாதேவி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் மூவரும் வாசலிலேயே நின்று அதைக் கண்காணித்தார்கள். பள்ளியில் விசாரித்துக்கொண்டு தசரதன் பைக்கில் வந்து, கம்பியால் தூக்கிப் பையில் போட்டார்.

"கட்டுவிரியனேதான்," என்றார்.

செல்லிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "படிச்சவங்க போட்டதுன்னு நம்பிட்டேனேங்க. எம்பொண்ணு கைய வுட்டிருந்தா?"

ரேணுகாதேவி பள்ளிக்குத் திரும்பிப் பிள்ளைகள் முன்னால் நின்று, தான் செய்த தவறைச் சொன்னார். இருநூறு பிரதிகளையும் வாங்கி வந்து எரித்தார். இனிப் புத்தகமே வேண்டாம் என்று இரண்டு மாதம் கல்யாணப் பத்திரிகை மட்டும் அடித்தார்.

மூன்றாம் மாதம் தசரதன் கடைக்கு வந்தார். "தப்பான புக்கு போச்சு, சரியான புக்கு எங்க? புள்ளைங்க கேக்குதுங்க."

புதிய பதிப்பின் பக்கங்களை இருவரும் படம் படமாக மூன்று நாள் பார்த்தார்கள். அதன் பிறகே அச்சுக்குப் போனது.