தெருவிலிருந்து பார்த்தால் நலம்

எங்கள் நகராட்சியில் வீடுகளைக் கணக்கெடுக்கும் அம்மாளை வாசலக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினேழு வருஷமாக ஊரின் வீடுகளையெல்லாம் பார்த்தவர். ஒன்றின் உள்ளேயும் கால் வைத்ததில்லை. விதி அப்படி. தெருவில் நின்று பார்த்து, படிவத்தில் நலம், பரவாயில்லை, மோசம் என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். மோசமான வீடுகளை நகராட்சி ஐந்தாண்டுத் திட்டத்தில் பழுதுபார்க்கும். அவர் கொண்டுவரும் படிவங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை.

செலவில் பாதி வீட்டுக்காரர் தலையில் விழும் என்பதால், கணக்கெடுப்புத் தேதி எப்படியோ அவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். வாசலக்கா குடையோடு நுழைகிற தெருவெல்லாம் புதுப் பெயிண்ட் வாசனை.

“குளிக்காம, மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்டுட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்குப்பா” என்பார் என்னிடம்.

இந்தக் கணக்கெடுப்பில் ஒரு நீல வீட்டின் எதிரே நின்று நலம் என்று குறித்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டில் குடியிருக்கும் தையல்காரப் பெண் பக்கச் சந்து வழியாக வந்தாள். கையில் திரும்பி வந்த ஐந்தாறு புதுச் சட்டைகள்.

“வெளியில நின்னு என்னக்கா எழுதுறீங்க?”

“வீட்டோட நிலைமையத்தாம்மா.”

“நிலைமை பின்னாடி இருக்கு. வந்து மோந்து பாருங்க.”

சட்டைகளைப் பார்த்துத்தான் உள்ளே போனாராம். மாடிக் கழிவறைக் குழாய் சுவருக்குள்ளேயே வெடித்திருந்தது. தோளுயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். சமையல் மூலையில் சாக்கடை மேலேறி, தரை இடுக்கில் புழு நெளிந்தது. தைத்த துணிகளைச் சுவர் படாமல் நடு அறையில் கொடி கட்டிப் போட்டிருந்தாள். அவற்றிலும் அதே நாற்றம். பொத்தினால் அந்தப் பெண்ணுக்கு அவமானமாக இருக்குமென்று வாசலக்கா மூக்கைப் பொத்தவில்லை.

“தையல் நல்லாயிருக்கு, துணிதான் நாறுதுன்னு திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்கக்கா. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா மெஷின மூடி வைக்க வேண்டியதுதான்.”

வாசலக்கா நலத்தை அடித்துவிட்டு மோசம் என்று குறித்தார். மறுநாள் பொறியாளர் அந்தப் படிவத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“உள்ள போகச் சொன்னது யாரும்மா?”

“நாத்தம் தெரு வரைக்கும் வரல சார். அதான் நான் போனேன்.”

“நாத்தத்துக்குப் படிவத்துல கட்டம் இருக்கா? வெளுத்ததெல்லாம் பால்னு எழுதிட்டுப் போவீங்களா, அத விட்டுட்டு! வரைபடத்துல தெருவே பச்சை. நடுவுல ஒரு செவப்புப் புள்ளி, மூஞ்சியில பரு மாதிரி.”

ஒரே ஒரு வழி இருந்தது. குடியிருப்பவர் கைப்பட புகார் கொடுத்தால் உள்ளே போய்ச் சோதிக்கலாம். வாசலக்கா வெள்ளைத்தாளோடு தையல்காரப் பெண்ணிடம் ஓடினார். அவள் தாளைத் தொடவில்லை.

“எழுதிக் குடுத்த அன்னைக்கே ஓனரு காலி பண்ணச் சொல்லிடுவாரு. நாத்தத்துல இருந்துடலாம்க்கா, நடுத்தெருவுல இருக்க முடியாது.”

பொறியாளர் தம் பேனாவால் மோசத்தை அடித்து, நலத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டு, “அடிப்பா” என்று என் பக்கம் தள்ளினார். அடித்தேன். மூன்றே எழுத்து.

திட்டம் வழவழப்பான தாளில் புத்தகமாக வந்தது. மேலட்டையில் அந்த நீல வீடேதான். ஊரிலேயே அதற்குத்தான் பெயிண்ட் புதுசாக இருந்ததாம். வெளியீட்டுக் கூட்டத்தில் கைதட்டினார்கள். வாசலக்கா தமக்கு வந்த பிரதியை, செத்த எலியைத் தள்ளுவதுபோல ஒற்றை விரலால் தள்ளினார்.

அடுத்த கணக்கெடுப்புக்கு இன்னும் ஐந்து வருஷம். தையல்காரப் பெண்ணின் மெஷின் இரண்டு மாதம்கூடத் தாங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வாசலக்கா அதை ஒரு வண்டியில் ஏற்றித் தம் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“இது வீடா, தையல்கடையா?” என்றானாம் மகன்.

“நாறாத எடம். போய் அந்தக் கட்டிலைத் தள்ளிப் போடு.”

விஷயம் அலுவலகத்துக்கு எட்டியதும், “அம்மா தனியா ஒரு வீட்டுவசதித் திட்டமே நடத்துறாங்கப்பா” என்றார் பொறியாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இப்போது சட்டைகள் திரும்பி வருவதில்லை. சாயங்காலம் தையல்காரப் பெண் அவற்றை மடித்து வாசலக்கா வீட்டு அலமாரியில் அடுக்குகிறாள். துணிகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவள் மட்டும் படுப்பதற்குப் பின்கட்டுக்குப் போகிறாள்.