பத்தாம் இடத்துப் பெயர்

அண்ணன் வீட்டை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ப்ளஸ் டூவில் இரண்டாம் தடவையும் ஃபெயில். அப்பா பெல்ட்டால் விளாசிவிட்டு, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். அப்பா சொல்வதை ஒருநாளும் கேட்காத அண்ணன் இதை மட்டும் அப்படியே கேட்டுக்கொண்டான்.

அவன் விட்டுப்போனவற்றில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பாவின் கம்பெனி கழித்துக் கட்டிய பெட்டி. படிப்புக்கு ஆகும் என்று அப்பா அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி, இரண்டு நடையாகக் கொரட்டூருக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அண்ணன் அதில் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கேம். மேலிருந்து பாறைகள் விழும், சுட வேண்டும். முடிந்ததும் அதிகப் பாயிண்ட் எடுத்த பத்துப் பேரின் பட்டியல் வரும். முதல் ஒன்பதும் கேமோடு கூடவே வந்த யாரோ வெள்ளைக்காரர்கள். பத்தாவது எங்கள் அண்ணன்.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்துவிட்டு ஆறு மணிக்கு வருவாள். முகம் கழுவியதும், "அண்ணன் பேரக் காட்டுடி" என்பாள். அவளுக்கு ஆங்கிலம் கூட்டிப் படிக்க வராது; அந்த ஐந்து எழுத்தின் உருவம் மட்டும் தெரியும். கடைசி வரியை விரலால் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா வேலை முடிந்து அந்தோணியார் கோயிலுக்குப் போய்விட்டு வரும் நாள். பத்து வயதுக்காரி எனக்கு வீட்டில் ஆளில்லாத குஷி. கேமைப் போட்டேன். என்ன கேடோ, அன்றைக்குப் பார்த்து என் கைக்கு எல்லாப் பாறையும் சிக்கியது. பெயர் கேட்டது. பெருமையாக அடித்து என்டரைத் தட்டினேன். பத்தாவது வரியில் என் பெயர் வந்தது. அண்ணன் இல்லை. மூடித் திறந்தேன். அப்போதும் இல்லை.

இரண்டு தெரு தள்ளி மாமா வீடு. நான் அக்கா என்று கூப்பிடும் மாமா மகள் ஆவடிப் பக்கம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். நான் அழுத அழுகையில் ஒரு ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"அழாதடி. மெமரில எங்கனா கிடக்கும். தேடி எடுத்துரலாம்."

கேம் ஓடும்போதே நடுவில் நிறுத்தி, மெமரியில் இருப்பதைத் துழாவும் புரோகிராம் அந்த ஃபிளாப்பியில் இருந்தது. உள்ளே எழுத்து என்று ஒன்று கிடையாதாம், எல்லாம் எண்கள்தானாம். 'ஏ' என்றால் அறுபத்தைந்து, 'பி' என்றால் அறுபத்தாறு. பெயரின் ஐந்து எண்களை வரிசையாகக் கொடுத்தால் அதே வரிசை எங்கே இருக்கிறதென்று காட்டும். கொடுத்தாள். கிடைக்கவில்லை என்றது. சின்ன எழுத்துகளின் எண்களைக் கொடுத்தாள். இல்லை. தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தாள். இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் நான் வாசலை எட்டிப் பார்த்தேன். கோயிலில் பூசை முடிந்திருக்கும்.

"உன் பேரத் தேடிப் பாப்போம். அது ஸ்கிரீன்லயே கீது இல்ல?"

அதுவும் கிடைக்கவில்லை. அக்கா நகத்தைக் கடித்தாள். "கண்ணெதிர்ல கீற பேரே கிடைக்கலன்னா, நாம கேக்கறதுதான் தப்பு. இந்த கேம எழுதனவன் எழுத்துக்கெல்லாம் வேற நம்பர் வெச்சிக்கிறான்."

'ஏ'யைப் பூஜ்யமாக வைத்துத் தேடினாள். பிறகு ஒன்றாக. பிறகு, முதலில் பத்து இலக்கங்களும் அதற்கப்புறம் எழுத்துகளும் வருகிறதோ என்று 'ஏ'யைப் பத்தாக வைத்தாள். ஒரே ஓர் இடத்தில் என் பெயர் அகப்பட்டது.

"அண்ணனத் தேடுக்கா!"

தேடினாள். இல்லை. இந்தத் தடவை கேள்வியில் தப்பில்லை. "அவன் வரி மேலதான் உன் வரிய எழுதிக்கிது. அது இனிமே எங்கயும் இல்லடி" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து ஓலமிட்டதைப் பார்த்து, என் பெயரின் ஐந்து எண்களை அழித்து அங்கே அண்ணனின் ஐந்து எண்களை எழுதினாள். திரையில் அவன் பெயர் வந்தது. "பாயிண்ட் எவ்ளோ வெச்சிருந்தான்?" என்று கேட்டாள். தினமும் பார்த்த எனக்கு நினைவில்லை. "சரி உடு. அத்தை நம்பரயா பாக்கப் போறாங்க?" பெயருக்குப் பக்கத்தில் என் பாயிண்டே நின்றது.

அம்மா வந்தாள். பட்டியலைக் காட்டினேன். விரல் கடைசி வரியில் போய் நின்றது. எடுக்கவில்லை.

"இன்னாடி, நம்பர் ஏறிக்கீது?"

நான் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு மூலைக்கு நகர்ந்தேன்.

"ஊட்டுக்கு வந்துக்கிறான்" என்றாள் அம்மா. "சாவி மீட்டர் பொட்டி மேல இருக்கறது அவனுக்குத் தெரியுமே. பகல்ல வந்துக்கிறான். குந்தி ஆடிக்கிறான்." தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடி, பக்கத்து வீடுகளில் யாராவது அவனைப் பார்த்தார்களா என்று கேட்டாள். அவன் பெயரையே எடுக்காதிருந்த அப்பா, வேலையிலிருந்து வந்து கேட்டுவிட்டு வெகுநேரம் சட்டையைக் கழற்றாமல் நின்றார். "வந்தான்னா, அப்பா ஒண்ணும் கேக்க மாட்டாருன்னு சொல்லு" என்றார். அதைச் சொல்ல யார் இருந்தார்கள்? சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார்.

அம்மா மறுநாளிலிருந்து லீவு போட்டாள். தினமும் சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நாள். பள்ளியிலிருந்து வந்தால் வீட்டில் அம்மா இருந்தாள், தட்டில் மீன் இருந்தது. எனக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது. அக்காவும் நானும் நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நம்பினேன்.

பதின்மூன்றாம் நாள் அம்மா வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்தவள் பெயரைக் காட்டச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே சொல்லவில்லை. அண்ணனும் வரவில்லை, இன்றுவரை இல்லை. அவளுக்கு மறந்துவிட்டது, நான் தப்பித்தேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஒருநாள் மாமியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததுகூட என் காதில் விழுந்து, புரியாமல் போய்விட்டது.

"ஊடு வரைக்கும் வந்தவன், நான் வர்ற வரைக்கும் இருக்கலியே, அண்ணி. என் மூஞ்சப் பாக்கவே புடிக்காமத்தானே போயிட்டான்?"