புஷ்பவள்ளி தரையைக் குளிரவைத்த கதை

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாக்கார் ஆராங்கில் புஷ்பவள்ளியைத் தெரியாதவர்கள் குறைவு. முனை வீட்டுக்காரி, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணு ஆலையின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவள், வாயாடி. மூன்றும் உண்மைதான். ஆண்கள் மட்டுமே இருந்த இயந்திர அறைக்குள் ஸ்பேனரோடு நுழைந்து, பத்தொன்பது வருடமாக "தள்ளி நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

அவள் பிறந்தது கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். தோட்டத்தை அழித்து ஆலைகள் எழும்பியபோது ஊரே புலம்பியது. புஷ்பவள்ளி தொழிற்பயிற்சி நிலையத்துக்கு மனு எழுதிப் போட்டாள். ஏர்கோன், அதாவது குளிர்சாதன வகுப்பில் முப்பது பையன்களுக்கு நடுவே ஒரே பெண். முதல் மாதம் கேலி செய்தவர்கள் மூன்றாம் மாதம் அவளிடம் வந்து கணக்குப் பார்த்து எழுதினார்கள்.

கணவர் புவனேசன் அவளுக்கு நேர் எதிர். அதிகம் பேசமாட்டார், ஆனால் ஊர் பூராவும் கூட்டாளிகள். எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த இடத்தில் நீராவிக் குழாய் வெடித்து முதுகு, மார்பு, இரண்டு கைகள் எல்லாம் வெந்துபோயின. பிழைத்ததே பெரிய காரியம். ஆனால் ஒட்டுப்போட்ட தோலில் வியர்வை வராது. வியர்க்காத உடம்பில் சூடு ஏறினால் இறங்காது, தலை சுற்றும், ஆள் விழுந்துவிடுவார். அதனால் காலை பத்து மணிக்கெல்லாம் ஏர்கோன் மாட்டிய படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வர மாலை ஆறு ஆகும். கழுத்தில் எப்போதும் ஓர் ஈரத்துண்டு.

சரி, ஹாலுக்கும் ஓர் ஏர்கோன் மாட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மாட்டினார்கள். ஆனால் தீபாவளியன்று திறந்த இல்ல உபசரிப்பு என்றால் வாசற்கதவு காலையிலிருந்து திறந்தே கிடக்கும். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று தெருவே வந்து போகும். மாட்டிய வருடமே திறந்த கதவு வழியாகக் குளிர் எல்லாம் தெருவுக்குப் போனது. மதியம் ஒரு மணிக்கு, முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே புவனேசன் விருந்தாளிகள் முன்னால் சரிந்தார். அன்றோடு அவர் தீபாவளிக்கு ஹாலில் உட்காருவதை விட்டுவிட்டார். வருகிறவர்கள் ஒவ்வொருவராக அறைக்கதவைத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுவது மாதிரி மெல்லப் பேசிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திரும்புவார்கள். அந்தக் கதவுச் சத்தத்தைப் புஷ்பவள்ளியால் தாங்கவே முடியாது.

யோசனை வந்தது ஆலையில். ஒரு நாள் நண்பகலில் தீயணைப்புக் குழாயைத் திறந்து சோதித்துக்கொண்டிருந்தாள். தார்ச்சாலை காலணியைச் சுட்டது, மண்ணுக்கடியிலிருந்து வந்த தண்ணீர் மட்டும் கைக்கு இதமாக இருந்தது. வெப்பமானியைப் பிடித்தாள், இருபத்தெட்டரை டிகிரி. அடுத்த வாரம் விடியற்காலை சிப்டில் பிடித்தாள், அப்போதும் ஏறக்குறைய அதேதான். மேலே வெயில் என்ன ஆட்டம் ஆடினாலும் மண் தன் பாட்டுக்கு இருக்கிறது. ஆழத்தில் குழாயை இறக்கி, தண்ணீரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீரையே ஹால் தரைக்கு அடியில் சுற்றவிட்டால்? காற்றைக் குளிரவைத்தால்தான் கதவைச் சாத்த வேண்டும். தரையையே குளிரவைத்துவிட்டால் கதவு எப்படிக் கிடந்தால் என்ன?

வீட்டில் சொன்னாள். புவனேசன் துண்டைப் பிழிந்துகொண்டே, "எனக்கு அந்த ரூமே போதும் புஷ்பா" என்றார்.

"எனக்குப் போதாது" என்றாள் புஷ்பவள்ளி. பேச்சு அங்கேயே முடிந்தது.

புவனேசனின் அக்கா குணவதிக்கு விஷயம் எட்டியது. அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் கணவரோடு பாடாங் செராய்ப் பக்கம் இருப்பவர். தம்பி மேல் உயிர், தம்பி பெண்டாட்டி மேல் சந்தேகம். பாலிங்கில் பூமிக்குள்ளிருந்து தண்ணீர் கொதித்துக்கொண்டு வருகிறது, ஊரே அங்கே போய்க் காலை நனைத்துவிட்டு வருகிறது, இவள் அதே கெடா மண்ணில் குளிர்ந்த தண்ணீர் எடுக்கப்போகிறாளாம் என்று உறவு முழுக்கப் போன் போட்டுச் சொன்னார். சொல்லப்போனால் புஷ்பவள்ளிக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. அதை வெளியே காட்டினால் அவள் புஷ்பவள்ளியா?

கோழிப் பண்ணைகளுக்கு ஆழ்குழாய்க் கிணறு போடும் ஜெயகுமாரைப் பிடித்தாள். வீட்டுப் பக்கத்துக் காலி நிலத்தில் மூன்று துளை, ஒவ்வொன்றும் இருநூறு அடி. ஜெயகுமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, எல்லாரும் தண்ணி எடுக்கத்தான் தோண்டுவாங்க. நீங்க தண்ணிய உள்ள விட்டுட்டு அதையே திரும்ப எடுக்கிறேங்கிறீங்க. சாமி சத்தியமா புரியல லா" என்றான். ஆனாலும் தோண்டினான். முதல் துளை முடிந்ததும் கயிற்றில் வெப்பமானியைக் கட்டி அடிவரை இறக்கினாள். இழுத்துப் பார்த்தபோது இருபத்தெட்டுக்குச் சற்றுக் கீழே காட்டியது. அங்கேயே சேற்றில் நின்று சிரித்தாள்.

வம்பு மூன்றாவது துளையில் வந்தது. முதல் இரண்டு துளைகளிலும், தண்ணீர் அடிவரை போய்த் திரும்ப நடுவில் மடித்திருந்த வளைவுக் குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. மூன்றாவதில் பதினான்கு அடியில் நின்றது. தள்ளினால் அசையவில்லை, திருகினாலும் அசையவில்லை. இயந்திரத்தை லாரியில் ஏற்றியாகிவிட்டது, மறுநாள் ஜெயகுமார் வேறு வேலைக்குப் போகிறான், திரும்பி வரத் தீபாவளி கழிந்துவிடும். தீபாவளிக்கு இருந்ததோ இருபத்தோரு நாள். அதற்குள் தரைக்குச் சிமெண்டு போட்டு, அது நன்றாக இறுகவும் வேண்டும். இரண்டு துளை போதாது என்று அவள் கணக்கே சொன்னது. மண் சரிந்திருக்குமா, கல் விழுந்திருக்குமா என்று விளக்கடித்துப் பார்த்தாள், குழாய்தான் மறைத்தது.

அப்போது, வேலையைப் பார்க்கக் காலையிலேயே வந்திருந்த குணவதி மெதுவாக வந்து நின்றார். முகம் சரியில்லை.

"புஷ்பா, நான்தான். பூமாதேவிக்கு ஒண்ணுமே குடுக்காம இப்படி ஓட்ட போட்டா தம்பிக்கு ஆகாதுன்னு, காலையில யாரும் பாக்காதப்போ உள்ள ஒரு தேங்கா போட்டேன். முழுத் தேங்கா."

பூஜை போட வேண்டும் என்று குணவதி கேட்டது உண்மை, நேரமில்லை என்று புஷ்பவள்ளி தட்டிக்கழித்ததும் உண்மை. துளைக்குள் தண்ணீர் நின்றதால் தேங்காய் மிதந்திருக்கிறது. அதை வளைவுக் குழாய் அழுத்திக்கொண்டே போய், மண் சரியாமலிருக்கத் துளையின் மேற்பகுதியில் செருகியிருந்த அகலக் குழாயின் சுவரில் இறுக்கிவிட்டது.

"குடுத்ததுதான் குடுத்தீங்க, ஒடச்சிக் குடுத்திருக்கக் கூடாதா அண்ணி?" என்றாள் புஷ்பவள்ளி. ஜெயகுமார் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினான்.

உடைத்து என்று வாயில் வந்ததும்தான் அவளுக்குப் பொறி தட்டியது. செம்பனைக் குலை வெட்ட நீளக் கம்பின் முனையில் இரும்பு உளி பொருத்தி வைத்திருப்பார்கள். குணவதியின் கணவர் பத்து வருடமாகப் பிடிக்கும் கம்பு. குணவதி உடனே காரை எடுத்துக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரத்தில் கார் கூரை மேல் கம்பைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

குழாயை மேலே இழுத்துவிட்டு, கம்பை நேராகத் துளைக்குள் இறக்கி, புஷ்பவள்ளியும் குணவதியும் சேர்ந்து பிடித்தார்கள். தூக்கிக் குத்தினார்கள். முதல் குத்தில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் சத்தம் மாறியது. ஏழாவதில் மடாரென்று உடைந்தது. கொஞ்ச நேரத்தில் துளைக்குள் விளக்கடித்தால் கலங்கிய தண்ணீரில் வெள்ளை வெளேரென்று தேங்காய்ப் பத்தைகள் மிதந்தன. வாளி கட்டி அள்ளினார்கள். நல்ல சகுனம் என்று குணவதி கையெடுத்துக் கும்பிட்டார். இருக்கட்டும் என்று புஷ்பவள்ளி சூடமும் ஏற்றினாள். குழாய் இருநூறு அடியும் தடையில்லாமல் இறங்கியது.

பிறகு வேலை மடமடவென்று நடந்தது. கூரைக்கடியில் வெப்பம் தாங்கும் பஞ்சு விரித்தாள். சாமிப் படங்கள் சமையலறைக்குக் குடிபோயின. ஹால் தரை முழுக்க மெல்லிய குழாயைக் கோலம் மாதிரி வளைத்து வளைத்துக் கட்டி, மூன்று துளைகளிலிருந்தும் வந்த குழாய்களோடு இணைத்தாள். அதன் மேல் சிமெண்டு, சிமெண்டு மேல் ஓடு. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், தண்ணீரைச் சுற்றவிடும் சின்ன மோட்டாரை ஓடவிட்டாள். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. குணவதி பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் வேலைக்கு அரைமணி முன்னதாகவே கிளம்பிப் போனாள். மூன்றாம் நாள் மதியம் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றாள். உள்ளங்காலுக்குச் சுகமாக இருந்தது. தெருவில் முப்பத்தைந்து, ஹால் தரையில் இருபத்தொன்பது. வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது, தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஹால் நடுவில் பாய்கூட விரிக்காமல், குறட்டை விட்டுக்கொண்டு படுத்திருந்தார் குணவதி.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது, தீபாவளியன்று வெயில் கொளுத்தியது. பத்து மணிக்கு வழக்கம்போல அறைப்பக்கம் போன புவனேசனைப் புஷ்பவள்ளி பார்த்த பார்வையில் அவர் திரும்பி வந்து ஹால் நாற்காலியில் உட்கார்ந்தார், செருப்பில்லாமல், இரண்டு பாதமும் தரையில் பட. கழுத்தில் துண்டு இருந்தது. பதினோரு மணிக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள். பன்னிரண்டுக்குக் கூட்டம் நெருக்கியது. புஷ்பவள்ளி சமையலறையில் நின்று இடியாப்பத்தை எடுத்து வைத்தாளே தவிர, கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. ஒரு மணி. முன்பு அவர் சரிந்த நேரம். புவனேசன் துண்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, முறுக்குத் தட்டை எடுத்து நீட்டினார்.

இரண்டு மணிக்கு அவருடைய பழைய கூட்டாளி பரஞ்சோதி குடும்பத்தோடு வந்தார். வருடா வருடம் வருகிறவர். ஹாலில் இருந்த கூட்டத்தை ஏறெடுத்துப் பார்க்காமல், பழக்கத்தில் நேரே போய் அறைக்கதவை மெல்லத் தட்டினார். பதில் இல்லை. திறந்து எட்டிப் பார்த்தார். கட்டில் காலி, ஏர்கோன் அணைந்து கிடந்தது. மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"டேய் பரஞ்சோதி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எட்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத உரத்த குரல். "அங்க யாரும் இல்லடா. நான் இங்க இருக்கேன், வா."

சமையலறையில் புஷ்பவள்ளி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். குணவதி அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் தேங்காய்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நாற்காலி முதுகில் கிடந்த துண்டு மாலைக்குள் மொடமொடவென்று காய்ந்திருந்தது. அதை நனைத்துத் தரச்சொல்லி அன்று யாரும் கேட்கவில்லை.