பூகோளப் பரீட்சையில் தனுஷ்கோடி

எங்கள் பாம்பன் பள்ளியில் பூகோள மேப்பை விரித்தால் முதலில் வருவது கருவாட்டு வாசனைதான். மேப்புகளைச் சுருட்டி வைத்திருந்த அறைக்குப் பின்னால்தான் மீன் காயப்போடுவார்கள்; ஆப்பிரிக்காவானாலும் ஐரோப்பாவானாலும் எங்களுக்கு எல்லாக் கண்டமும் நெத்திலி வாடைதான் அடித்தது. அந்த வருஷம் எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சை. மேப் குறிக்கும் கேள்விதான் இந்தக் கழுதைகளைக் கரையேற்றும் என்று, திருவாடானைப் பக்கத்திலிருந்து வந்த பூகோள சார், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என ரயில் பாதையைப் பாட்டாகவே பாடவைத்திருந்தார். மேப்பில் அதைக் குறுக்கே சின்னக் கோடுகள் போட்டுக் குறிப்பதற்கு "பல்லு வச்ச கோடு" என்று பெயர்.

மார்கழிப் புயலில் தனுஷ்கோடி போயிற்று. ஸ்டேஷனும் தண்டவாளமும் ஆட்களோடு வந்த ரயிலும் போயின. அங்கிருந்து தப்பி வந்த ஆரோக்கியமேரி, பொங்கல் கழித்து எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய அவளுடைய அய்யா கிடைக்கவே இல்லை. எட்டில் பாஸானால் டீச்சர் ட்ரெயினிங், இல்லாவிட்டால் அம்மாவோடு கருவாட்டுக்கு உப்புப் போட வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

மாதிரிப் பரீட்சையில் மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில் பாதை குறிக்கச் சொல்லியிருந்தார்கள். நான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கடைசிவரை இழுத்து முழு மார்க் வாங்கினேன். அவள் பாம்பனோடு நிறுத்தியிருந்தாள். சுழி போட்டிருந்தார் சார்.

"புத்தகத்துல இருக்கதைத்தான் போடணும் தாயி. பொதுப் பரீட்சையில திருத்துறவருக்குப் புயலா தெரியப்போகுது?" என்றார், இரக்கமாகத்தான்.

அவள் எழுந்து நின்றாள். "அங்கன தண்ணிதானே சார் கெடக்கு. எங்கய்யா மேலயா கோடு போடச் சொல்றீக?"

எங்கள் கரையிலேயே பிணங்களை இறக்கியதை என் கண்ணால் பார்த்திருந்தேன்; அப்படிப்பட்ட நான், ஒன்றுமே நடக்காததுபோல் எப்படி அந்தக் கோட்டை இழுத்தேன்? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சார் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். அவள் கேட்டது அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, அவள் அம்மா காதுக்கும் போயிற்று.

பொதுப் பரீட்சையிலும் அதே கேள்வி வந்தது. மணி அடித்ததும் ஆரோக்கியமேரி என்னைப் பூவரச மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"போட்டுட்டேன்டி. பல்லெல்லாம் வச்சு, கடைசி வரைக்கும். எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராத."

இப்போது பூகோளம் என்ற பெயரே இல்லை. என் பேரனின் சமூக அறிவியல் புத்தகத்தில் அது நடுவே சில பாடங்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. மேப்பில் ரயில் பாதை ராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது. ஆரோக்கியமேரி டீச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டாள். அவள் அம்மா கண்மூடும்வரை, என்னை எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொல்வாள்: "எம்மக அவுகய்யாவை விட்டுக்குடுக்காமப் பாஸானவ."

ஆமாம் என்று ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன்.