கடலில் விழுந்த புல்லட்டின் பெண்ட் பைப்

கப்பல் வருகிற நாளில் போர்ட் பிளேரில் பாதிப் பேர் ஜெட்டியில்தான் நிற்பார்கள். கடிதம், வெங்காயம், சொந்தக்காரர் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். அன்று நான் நின்றது மெட்ராசிலிருந்து வரவேண்டிய பஃப் சோப்புக்காக. அதைச் சக்கரத்தில் தடவித்தான் குரோமியத்துக்கு மெருகேற்ற முடியும். ஜங்லிகாட்டில் பிஸ்வாஸ் பாபு வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பாலிஷ் வேலை.

கிரேனில் ஒரு புதுப் புல்லட் இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு நழுவியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் கடலுக்குள் போய்விட்டது.

"ஐயோ, மாப்பிள்ளைக்கு வாங்கின வண்டில்லா!" என்று ஒருவர் தலையில் கை வைத்தார். சண்முகம் காண்ட்ராக்டர். திருநெல்வேலிக்காரர். அந்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாஸ்கரன், கராச்சர்மாவில் வாத்தியார். நம் ஆட்கள்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் தீவில்.

கப்பல் சரக்கு இறக்குகிற கலாசிகள் முங்கிக் கயிறு கட்டி வண்டியை மேலே எடுத்தார்கள். அது நேராக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. பின்னாலேயே காண்ட்ராக்டரும் வந்தார்.

"வண்டி தண்ணில விழுந்த சங்கதி மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியப்படாது. இப்பத்தான் பொட்டியப் பிரிச்ச மாதிரி இருக்கணும், கேட்டியளா?" என்றார்.

ஊரே பார்த்த விஷயம். அதை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவருடைய ஜீப்பும் லாரிகளும் எங்களிடம்தான் வேலைக்கு வந்தன. அவர் கோபித்துக்கொண்டால் பட்டறையே படுத்துவிடும்.

உப்பு

இளைஞர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இஞ்சின் தலையிலிருந்து வளைந்து சைலன்சருக்குப் போகும் குழாயைத்தான் பெண்ட் பைப் என்கிறோம். வண்டியில் முதலில் கண்ணில் படுவது அதுதான், முதலில் கெடுவதும் அதுதான். சும்மா நின்றாலே எங்கள் ஊர்க் கடல்காற்று அதைத் தின்றுவிடும். இதுவோ கடலுக்குள்ளேயே போய்வந்த பைப்.

பிஸ்வாஸ் பாபு இஞ்சினைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி, ஆயில் மாற்றிப் பூட்டினார். பைப்பும் சைலன்சரும் என் பங்கு. உள்ளே தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். கொட்டிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரிப்பு போகும்வரை விடவில்லை. வெளியே எமரி பேப்பர் தொடக்கூடாது. அது துருவோடு குரோமியத்தையும் உரித்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சலித்த சுண்ணாம்புத் தூளைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து, கடைசியாகப் பஃப் வீலில் பிடித்தேன். சட்டை பட்டன் தெரிகிற அளவுக்குப் பைப் மின்னியது.

காண்ட்ராக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். "பலே! இத இப்படியே வச்சிருங்க. கல்யாணம் முடியிறவரைக்கும் ஸ்டார்ட் பண்ணப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் சிக்கல். சைலன்சருக்குள் இருக்கும் தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் தங்கும். இஞ்சினை நன்றாகச் சூடேற ஓடவிட்டால்தான் அது ஆவியாகி வெளியேறும். ஆனால் ஒருமுறை சூடேறினால் பெண்ட் பைப்பின் கழுத்து பொன்னிறமாகி நீலம் பாய்ந்துவிடும். பார்த்தவுடனே ஓடின வண்டி என்று தெரிந்துவிடும். ஓட்டினால் குட்டு உடையும். ஓட்டாவிட்டால் வண்டி உள்ளே அழுகும்.

"ஸ்டார்ட் நஹி கரேகா தோ இஞ்சின் கயா" என்றார் பிஸ்வாஸ் பாபு. ஸ்டார்ட் செய்யாவிட்டால் இஞ்சின் போச்சு என்று அர்த்தம். உடனே, "லேகின் பார்ட்டி நாராஜ் ஹோகா" என்றும் சேர்த்துக்கொண்டார். காண்ட்ராக்டர் கோபிப்பாரே என்ற கவலை அவருக்கு.

எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. "பாபு, ஷைன் போனா நான் திருப்பிக் கொண்டாந்துருவேன். இஞ்சின் போனா உங்களால கொண்டார முடியுமா?" என்று கேட்டேன். அவர் வண்டியை விட்டு விலகி நின்றார். கிக்கரை நானே மிதித்தேன்.

முதலில் வெள்ளையாகப் புகை வந்தது. பிறகு சைலன்சர் நுனியிலிருந்து அழுக்குத் தண்ணீர் கக்கியது. நின்றுவிடாமல் ஓடவிட்டேன். புகை தெளியத் தெளிய, என் கண் முன்னாலேயே பைப்பின் கழுத்து மஞ்சளாகி, அப்புறம் நீலமானது. செய்த மெருகு போகிறதே என்று இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

மாப்பிள்ளை

சத்தம் கேட்டோ என்னவோ, காண்ட்ராக்டர் வந்துவிட்டார். பைப்பைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"என்னலே பண்ணி வச்சிருக்க? புது வண்டியப் பழசாக்கிட்டியே! யாரைக் கேட்டுல ஸ்டார்ட் பண்ணின?"

"யாரையும் கேக்கல ஐயா. உள்ள தண்ணி நின்னுச்சு. உங்க மருமகன் நடுரோட்டுல நிக்கக்கூடாதுன்னுதான் பண்ணினேன்."

"எனக்கே பாடம் சொல்லுதியா?" என்று கையை ஓங்கியவர், வாசலைப் பார்த்து அப்படியே நின்றார். பாஸ்கரன் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளே... சும்மா, புது வண்டி, ஒருதடவ ஓட்டிப் பாத்திட்டு..." காண்ட்ராக்டருக்கு நாக்குக் குழறியது.

"மாமா, கப்பல் வந்த அன்னிக்கு ஜெட்டில நானும்தான் இருந்தேன். உங்களுக்குப் பின்னாடியேதான் நின்னேன்."

காண்ட்ராக்டர் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதரை அப்படிப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாப்ளே."

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். வண்டி எங்க அம்மா ஆசைப்பட்டது மாமா. நான் கேக்கல. தண்ணில விழுந்தது யார் தப்பும் இல்ல. ஆனா நாளைக்கு உங்க வீட்டுப் பொண்ணோட நான் வாழணும். முதல் பேச்சே பொய்யா இருந்தா எப்படி?"

காண்ட்ராக்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணம் நின்னுருமோன்னு பயந்துட்டேன்யா" என்றார் மெதுவாக.

"அதெல்லாம் நிக்காது. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், பஸ், அவ்வளவுதான்" என்றார் பாஸ்கரன். பிறகு என் பக்கம் திரும்பி, தீவில் அண்ணனை அழைக்கிற மாதிரி, "பாய், வண்டி ஓடுமா? சச் பாத், உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

"ஓடும் சார். இந்த நீலத்தை முக்கால்வாசி எடுத்துருவேன். மிச்சம் இருக்கும். ஆனா பைப்பையும் சைலன்சரையும் சேத்துப் பிடிக்கிற கிளாம்புக்கு அடியில உப்பு ஏறியிருக்கு. அடுத்த மழைக்குள்ள அங்க புள்ளி புள்ளியாத் துரு வரும். அதை யாராலயும் தடுக்க முடியாது. வந்ததும் கொண்டாங்க, பரவாம நான் பாத்துக்கறேன்."

பிஸ்வாஸ் பாபு என்னை முறைத்தார். பாஸ்கரன், "அச்சா, கொண்டு வரேன்" என்று சொல்லி வண்டியில் ஏறினார். காண்ட்ராக்டரைப் பின்னால் உட்காரச் சொல்லி டாலிகஞ்ச் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தார். திரும்பி வந்தபோது இருவரும் கல்யாணப் பந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மழைக்குள் கிளாம்புக்கு அடியில் துருவும் வந்தது. பாஸ்கரன் வண்டியைக் கொண்டுவந்து, "நீங்க சொன்ன இடத்துலயே வந்திருச்சு பாய்" என்று சாதாரணமாகச் சொன்னார். கோபம் இல்லை, பேரம் இல்லை. காண்ட்ராக்டரின் ஜீப்பும் லாரிகளும் எப்போதும்போல எங்களிடமே வந்தன.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் பைப் கொண்டுவந்தாலும், துணியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, என் பாலிஷால் போகாதது எது என்பதைச் சொல்லிவிடுவேன். அதைக் கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு. கேட்ட பிறகும் விட்டுப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து என்னிடம் சண்டை போட்டதில்லை.