பெஞ்சில் கழிந்த சீசன்கள்

ஒன்பது வருடத்தில் ஆறு கிளப்புகளுக்குக் கால்பந்து ஆடினேன். ஆடினேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கோவா, கொல்கத்தா, கோழிக்கோடு, மறுபடி கோவா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்றால் பொருத்தமாக இருக்கும். என் இடம் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று, பந்தோடு வருகிறவனை மறிப்பவன். நம் நாட்டுக் கிளப்புகள் வெளிநாட்டு ஆட்டக்காரனைத் தேடும்போது முதலில் இந்த இடத்துக்குத்தான் தேடும். என்னைவிட நாலு விரற்கடை உயரமாக ஒரு ஸ்பெயின்காரனோ பிரேசில்காரனோ வந்து இறங்கிவிட்டால், அன்றோடு எனக்கு அந்த வருடம் முடிந்தது.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே. அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள். அப்பா லாரி செட்டில் லோடு ஏற்றுகிறார். பந்து என்றால் எங்கள் பக்கம் கிரிக்கெட், இல்லையென்றால் வாலிபால். எட்டாம் வகுப்பிலேயே தென்னை மாதிரி வளர்ந்துவிட்டதால் பள்ளி கால்பந்து அணியில் என்னைப் பின்னால் நிறுத்தினார்கள். பிறகு என்னை யாரும் முன்னால் விடவே இல்லை.

நாலாவது கிளப்பில் இருந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. பயிற்சியில் எங்கள் ஸ்பெயின்காரன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் உதவிப் பயிற்சியாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சென்னைக்காரர்.

"நாளைக்கு நீதான் ஸ்டார்ட் பண்ற. நல்லா சாப்ட்டு ரெடியா இரு."

இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, நெசமாத்தான் சொல்லுதியா? டிவில வருமா?" என்றாள் அம்மா.

"வரும்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"அஞ்சு மணிக்கு கம்பெனியிலல்லா இருப்பேன். சீசன் நேரம், போர்மேன் விடணுமே."

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் லீவு போட்டாக வேண்டும். சீசனில் லீவு கேட்பது லேசான காரியமில்லை. ஆனாலும் கேட்டிருக்கிறாள். "மகன் டிவில வாரான்னா போங்க, பெறகென்ன" என்று போர்மேன் அரை நாள் விட்டுவிட்டார். அவளோடு வேலை பார்க்கிற ஆறு பெண்களும் கூடவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அப்பாவும் அன்றைக்கு செட்டுக்குப் போகவில்லை. அத்தனை பேரும் எங்கள் வீட்டு டிவி முன்னால் நாலரை மணிக்கே உட்கார்ந்துவிட்டார்கள்.

மைதானத்தில் நாங்கள் உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தோம். அப்போது ஸ்பெயின்காரன் ஷூ மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். கோட்டோரமாக ரெண்டு ஓட்டம் ஓடினான். ரெண்டு தடவை எம்பிக் குதித்தான். தலைமைப் பயிற்சியாளரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அவ்வளவுதான்.

உதவிப் பயிற்சியாளர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சாரிடா. ஃபிட்னு சொல்லிட்டான். கோச் முடிவு."

போன் எல்லாம் அறையில் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குச் சொல்ல வழியில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனதும் ஸ்பெயின்காரன் நொண்டத் தொடங்கினான். அவன் பக்கமாகவே ரெண்டு கோல் வாங்கினோம். நான் எழுந்து கோட்டோரமாக ஓடிக் காட்டினேன். பயிற்சியாளர் திரும்பினார், பார்த்தார். கடைசியில் அவனை வெளியே எடுத்தார். அந்த இடத்துக்கு நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவனைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எனக்குப் பதில் ஒரு முன்கள ஆட்டக்காரன் உள்ளே போனான்.

பஸ் ஏறியதும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"உன்னய காட்டுனான்யா!" என்றாள். "தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்த. எல்லாரும் கைதட்டுனோம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "தண்ணி குடிக்கவா இங்கன வந்து கெடக்கேன்? நான் ஆடவே இல்லம்மா! அதுகூடவா தெரியல?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்யா. முடியுற வரைக்கும் பாத்தோம்லா" என்றாள். "சாப்புட்டியா?"

மறுநாள் தலைமைப் பயிற்சியாளரின் அறைக்குப் போய்க் கேட்டேன். என்னை ஏன் இறக்கவில்லை? அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் நல்ல புரொஃபஷனல் என்றார், என்னைப் போல ஒருவன் அணிக்கு அவசியம் என்றார். இதே வார்த்தைகளை இதற்கு முன் மூன்று கிளப்புகளில் கேட்டிருக்கிறேன். ஆட விடாவிட்டாலும் முகம் சுளிக்காதவன் என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு முகம் சுளித்தேன். அதனாலும் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எழுபதாவது நிமிடத்தில் இறக்கினார்கள். ஸ்டாப்பராக அல்ல, இடது ஓரத்தில். நான் வலது காலில் ஆடுகிறவன். பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் என்னை ரெண்டு தடவை தாண்டிப் போனான். மூன்றாவது தடவை பெனால்டி கட்டத்துக்குள் அவன் காலைத் தட்டிவிட்டேன். பெனால்டி கோலானது, அந்த ஒரு கோலில் தோற்றோம். சீசன் முடிந்ததும் கிளப்பிலிருந்து நாலு வரியில் ஒரு வாட்ஸ்அப் வந்தது. முதல் வரி நன்றி. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

ஐந்தாவது கிளப்பிலும் பெஞ்சுதான். ஆறாவது கிளப் வடகிழக்கில் ஒரு மலை ஊரில், இரண்டாம் நிலை லீகில் இருந்தது. வெளிநாட்டுக்காரனைக் கூப்பிட வசதியில்லாத கிளப். என் வாழ்க்கையில் முதல்முறையாக எல்லா ஆட்டத்திலும் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை ஆடினேன், என் இடத்திலேயே. நன்றாகவே ஆடினேன், அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் எங்களால் கோல் அடிக்க முடியவில்லை. கடைசிக்கு முந்தின இடம். அந்த வருடத்தோடு முதலாளி கிளப்பை மூடிவிட்டார்.

வேறு கிளப்புகளுக்கு ஆள் சேர்த்துவிடுகிற ஏஜென்டுகளைக் கூப்பிட்டேன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "வீடியோ இருக்கா?" அந்த ஆட்டங்களை யாரும் படம் பிடிக்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்டங்களுக்கெல்லாம் வீடியோ இருக்கிறது. ஆடியதற்கு இல்லை.

போன வருடம் ஊருக்குத் திரும்பினேன். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் சரக்கு அனுப்புகிற பொறுப்புக்கு ஆள் தேவை என்றார்கள், போனேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பந்து வெளாடுனீகளாமே. எத்தன கோல் போட்டிருப்பீக?"

"ஒண்ணும் போடல அண்ணாச்சி."

"ஒம்பது வருசத்துலயா?" அவர் முகத்தில் தெரிந்த பரிதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேஜைமேல் இருந்த காலண்டர் கட்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கினேன். இது கோல், இது எதிரணிக்காரன், இது நான். அவன் இந்தப் பக்கம் வந்தால் நான் எங்கே நிற்க வேண்டும், எப்போது காலை நீட்ட வேண்டும், எப்போது நீட்டக்கூடாது என்று பத்து நிமிடம் விளக்கினேன். எந்தப் பயிற்சியாளரும் என்னை அவ்வளவு நேரம் பேச விட்டதில்லை.

"அப்ப நீங்க நின்னா கோல் விழாது?"

"விழும் அண்ணாச்சி. கொறைவா விழும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுகளை இருந்தபடியே திருப்பி அடுக்கிவிட்டு எழுந்தேன்.