மெழுகுக்குள் கிடந்த வயிற்றுத் துண்டு

முதலில் கண்ணில் பட்டது நிறம்தான். மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. நான் பேருந்து நடத்துநர். பாரிமுனைக்கும் எண்ணூருக்கும் இடையே நாள் முழுக்க நின்றுகொண்டே போய் வருகிறவன். அசதி எனக்குப் புதிதா என்ன என்று இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை திருவொற்றியூர் தேரடி தாண்டியதும் கண் இருட்டியது. விழித்தபோது வண்டி ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தது. ஓட்டுநர் பயணிகளோடு சேர்த்து வண்டியை நேராக அங்கே ஓட்டி வந்திருந்தார். இறங்கிப் போனவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்த்தார்கள். இரைப்பைச் சுவரில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக ஒரு கட்டி. அதிலிருந்துதான் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கட்டியோடு இரைப்பையில் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்தார்கள். பரிசோதனை அறிக்கையில் 'மென்தசைப் புற்று' (உள்ளுறுப்புகளின் சுவரில் இருக்கும் தசையிலிருந்து கிளம்பும் புற்றுநோய்) என்று இருந்தது. முழுதாக எடுத்தாகிவிட்டது, பயப்பட வேண்டாம் என்றார்கள். ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன்.

இரண்டு வருடம் கழித்து கை கால் மெலிந்தது. வயிறு மட்டும் பெருத்தது. இம்முறை பெரிய அரசு மருத்துவமனை. கல்லீரலில் ஐந்து கட்டிகள். நரம்பு வழியாக மூன்று முறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, நாக்கில் ருசி போனது. கட்டிகள் வளர்ந்துகொண்டே போயின.

ஒரு நாள் பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே அறுக்க முடியாதுங்க. இந்த வகைக்கு மருந்தும் கேக்கறதில்ல" என்றார்.

என் மனைவி முத்து காசிமேட்டில் மீன் விற்பவள். சத்தம் போட்டே பேசிப் பழகியவள். அன்று அவளுக்குக் குரல் எழும்பவில்லை. "அப்போ இன்னாதான் பண்றது டாக்டர்?" என்று மெல்லக் கேட்டாள்.

"நல்லா பாத்துக்கங்க."

வெளித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். முத்து என் கையைப் பிடிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். இருபது வருடத்தில் அவள் கைகள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

நான்கு நாள் கழித்து, என் பழைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மருத்துவர் வார்டுக்கு வந்தார். திசுவியல் மருத்துவர் (உடம்பிலிருந்து எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவர்). நோயாளிகளை அவர் நேரில் பார்ப்பது அபூர்வம். கட்டிகளில் இருக்கும் புரதங்களையும் மரபணுக்களையும் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"மென்தசைப் புற்றுன்னு எழுதின பல கட்டிங்க உண்மையில வேற ஜாதின்னு இப்பதான் தெரிய வந்திருக்கு. செல்லு மேல 'கிட்'னு ஒரு புரதம் இருக்கும். வளரச் சொல்ற சுவிட்ச்சுன்னு வச்சுக்கங்க. மரபணுவில ஒரு பிழை வந்தா, காலிங் பெல் சுவிட்ச் உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி அது அழுத்தினபடியே நின்னுடும். செல்லு நிக்காம பெருகும். உங்க கட்டியில அது இருந்தா, அந்தச் சுவிட்ச்சை அணைக்க ஒரு மாத்திரை வந்திருக்கு."

கல்லீரலில் ஊசி செருகிக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தமும் செத்த திசுவும்தான் வந்தன. மறுபடி குத்தினால் உள்ளே ரத்தம் பெருகும் ஆபத்து இருந்தது. ஒரே வழி, முதல் அறுவையில் எடுத்த கட்டியின் துண்டு. அதை மெழுகில் உறைய வைத்துப் பாதுகாப்பார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

முதலில் அறுவை நடந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆய்வகம் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. பழைய சரக்கைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் தலையை ஆட்டினார்.

"கெடைக்காதும்மா. எடம் மாறச்சொல்ல எல்லாத்தியும் அட்டப் பொட்டியில போட்டு ரூம்புல அடச்சிட்டாங்கோ. நம்பரு கலஞ்சி கீது."

முத்துவுக்குப் போன குரல் அங்கே திரும்பி வந்தது. "கலஞ்சிதானே கீது நைனா? தூக்கிக் கடாசிடலயே? சாவியக் குடு. நாங்க தேடிக்கிறோம்."

"அப்டிலாம் வுடக் கூடாதும்மா."

"அப்போ நீயும் கூடக் குந்து. அதோ பாரு, குந்திகினு கீறாரே, அவரு வயித்துத் துண்டுதான் உள்ள கீது. அத்த எடுக்காம நான் வூட்டுக்குப் போ மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அப்போது என் எடை நாற்பத்திரண்டு கிலோ. எழுந்து போய் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி வந்தார்.

மூன்று நாள் தேடினோம். முத்து பெட்டிகளை இறக்கிக் கொட்டுவாள். அந்த ஊழியர் அண்ணன் தூசி தட்டித் தருவார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து எண்களைப் படிப்பேன். ஒவ்வொரு மெழுகுக் கட்டியும் தீப்பெட்டியில் பாதி இருக்கும். வெள்ளை மெழுகு, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு, ஓரத்தில் எண். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது. முதல் நாள் அருவருப்பாக இருந்தது. இரண்டாம் நாள் அவற்றை மெதுவாகக் கீழே வைக்கப் பழகியிருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் என் எண் வந்தது. கடைசி இலக்கம் பாதி அழிந்திருந்தது. அண்ணன் பதிவேட்டைக் கொண்டுவந்து விரல் வைத்துப் படித்தார். "ஏழுமலை, ஆம்பள, இரைப்பை." முத்து அந்த மெழுகை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் ஓடிப் போய் மூவருக்கும் டீ வாங்கி வந்தார்.

ஒரு வாரத்தில் திசுவியல் மருத்துவர் கூப்பிட்டார். மெழுகிலிருந்து முடியைவிட மெல்லிய ஏட்டைச் சீவி, கிட் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளை அதன் மேல் விட்டிருந்தார்கள். புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாக மாறும். எங்கள் இருவரையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்.

முத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "முழுக்கக் கருவாட்டுக் கலருதான் கீது டாக்டரம்மா. நல்லதா கெட்டதா?"

"ரொம்ப நல்லது" என்று அவர் சிரித்தார். நோயைக் காட்டி ஒரு மருத்துவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மருந்து நிறுவனமே இலவசமாகக் கொடுக்கும் ஒரு திட்டத்தில் எனக்கு மாத்திரை கிடைத்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு. பத்தாவது நாள் வயிற்றின் இறுக்கம் தளர்ந்தது. மூன்றாவது வாரம் வஞ்சிர மீன் வறுக்கும் வாசனை வந்து, பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். முத்து கரண்டியோடு வாசல்வரை ஓடி வந்து, "இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

மூன்று மாதத்தில் எடுத்த படத்தில் பெரிய கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. மற்றவை நீர்ப்பைகள் போல வெளிறிக் கிடந்தன. 'நல்லா பாத்துக்கங்க' என்ற அதே பெரிய டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் தோளில் கை வைத்து, "எனக்கு இது தெரியாமப் போச்சு ஏழுமலை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

கதை என்னோடு நிற்கவில்லை. அந்த மெழுகுப் பெட்டி அறையில் என்னுடையதைப் போலவே தப்பான பெயர் எழுதிய கட்டிகள் இன்னும் இருக்கலாம் என்று திசுவியல் மருத்துவருக்குத் தோன்றியது. அனுமதி வாங்கி, பழைய மென்தசைப் புற்றுகளை எல்லாம் எடுத்து ஆராய்ச்சியில் சேர்த்தார். பல பழுப்பாயின. அந்தக் கட்டிகளுக்கு உரியவர்களில் சிலர் இறந்துவிட்டிருந்தார்கள். எண்ணூர் குப்பத்துப் பெண் ஒருவருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது.

"அந்தப் பக்கம்தானே உங்க ரூட்டு? இந்தக் கடிதத்தை அவங்க கையில சேர்க்க முடியுமா?" என்று மருத்துவர் கேட்டார்.

அந்தக் குப்பத்தில் முன்வரிசை வீடுகளைக் கடல் எடுத்துவிட்டிருந்தது. முத்து வலை பின்னுகிறவர்களிடம் விசாரித்து விசாரித்து, திருவொற்றியூரில் தங்கை வீட்டில் இருந்த அவளைக் கண்டுபிடித்தாள். மல்லிகா. என்னைவிட இளையவள். வயிறு நிறைமாதம் போல இருந்தது. கடிதத்தை வாங்கவே மாட்டேன் என்றாள்.

"எல்லாரும் கை வுட்டாங்கோக்கா. இனிமே இன்னாத்துக்கு?"

முத்து என் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். "இந்தாளையும்தான் வுட்டாங்கோ. நேத்து மூணு தோசை துன்னாரு. நீ கெளம்பு, ஆட்டோ நிக்கிது."

மாத்திரையில் மல்லிகாவின் கட்டி சுருங்கியது. சுருங்கியதை அறுத்தும் எடுத்தார்கள். பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு நெத்திலிக் கருவாட்டோடு வந்தாள்.

என் கட்டியின் மரபணுப் பரிசோதனை முடிவு ஒரு வருடம் கழித்து வந்தது. அதே கிட் மரபணுவில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருந்ததாம். அந்த இடத்தில் பிழை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை நன்றாகக் கேட்கும் என்றார் மருத்துவர். பிறப்பில் வந்ததல்ல, பிள்ளைகளுக்குப் போகாது என்றும் சொன்னார். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இதைப் படிக்கிறவர் நோயாளியாகவோ கூட இருப்பவராகவோ இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பரிசோதனை எண்ணை எழுதி வையுங்கள். மெழுகுத் துண்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நோயின் பெயர் மாறலாம். பெயர் மாறினால் மருந்தும் மாறலாம்.

மாத்திரை ஒரு நாள் வேலை செய்யாமல் போகலாம் என்பதை மருத்துவர் மறைக்கவில்லை. கட்டிகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன, அசையாமல். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். அது மாத்திரையின் வேலை. பயணிகள், "இன்னா நைனா, மூஞ்சி பளபளன்னு உப்பிகினு கீது" என்கிறார்கள். முன்பு உடம்பு என்பது என்னைச் சுமக்கும் வண்டி என்று நினைத்திருந்தேன். இப்போது கூட வசிக்கும் ஓர் ஆளைப் போல அதனிடம் தினமும் நலம் விசாரிக்கிறேன்.

நடத்துநர் உரிமத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நோயில் கிடந்தபோது என்னுடையது காலாவதியானது. மூன்று வருடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று விட்டுவிட்டிருந்தேன். உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு புதுப்பிக்கப் போன அன்று முத்துவும் கூட வந்தாள். எழுத்தர் முத்திரை குத்தி நீட்டினார். அவள் அந்தத் தேதியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மூணு வருசம்தானா சார்? கூடப் போட முடியாதா?"

"அவ்ளோதாம்மா. முடிஞ்சா மறுபடி வாங்க."

"வருவோம்" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய் வந்துவிட்டோம்.